காலம் தவறாமல் ஜெர்மன்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரியில் நர்சிங் படித்துக்கொண்டே ஜெர்மன் கற்கிறவர்கள், ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஆன்லைன் வகுப்பில் உட்காருகிறவர்கள் என்று பலரும் இந்த இதழுக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே வினைச்சொல்லைப் பற்றியவை. ஜெர்மன் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டலுக்குப் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெர்மனில் ஆறு காலம் இருக்கிறதாம். அட்டவணையைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. ஆறையும் ஒன்றாகப் படிக்க வேண்டுமா? — நர்சிங் மாணவி, தருமபுரி

வேண்டாம். ப்ரேஸென்ஸ், பெர்ஃபெக்ட், ப்ரேடெரிடும், ப்ளுஸ்க்வாம்பெர்ஃபெக்ட், ஃபுடூர் ஒன்று, ஃபுடூர் இரண்டு என்று பெயர்கள்தான் பயமுறுத்துகின்றன. அன்றாடப் பேச்சில் பெரும்பாலான வேலையை முதல் இரண்டுமே பார்த்துவிடும். நடக்கிறதற்கும் நடக்கப்போகிறதற்கும் ப்ரேஸென்ஸ், நடந்து முடிந்ததற்குப் பெர்ஃபெக்ட். இவற்றோடு "வார்" (இருந்தேன்), "ஹட்டெ" (என்னிடம் இருந்தது) என்ற இரண்டு இறந்தகால வடிவங்களையும் சேர்த்துக்கொண்டால் ஏ2 வரைக்கும் (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் நிலைகளில் இரண்டாவது) தாராளமாகப் போதும்.

அட்டவணையை விடப் பெரிய தடை வேறொன்று. நம்மில் பலர் தமிழில் நினைத்து, அதை இங்கிலீஷாக்கி, பிறகு ஜெர்மனுக்குப் போகிறோம். நடுவில் இருக்கும் அந்தப் படியில்தான் காலம் கெடுகிறது. "நாளைக்கு வரேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லி எதிர்காலத்தைக் குறிக்கிறோம் இல்லையா? ஜெர்மனிலும் அப்படியே, "இஷ் கொமெ மோர்கென்". அங்கே "வில்" எங்கே என்று தேடுவது இங்கிலீஷ் பழக்கம். "இப்போ படிச்சுக்கிட்டிருக்கேன்" என்பதற்கு "இஷ் பின் லெர்னென்" என்று எழுதுவதும் அதே பழக்கம்தான். ஜெர்மனில் அப்படி ஒரு தொடர்வினை வடிவம் கிடையாது. "இஷ் லெர்னெ" போதும். இந்த நிமிடம் என்று அழுத்த வேண்டுமானால் "கெராடெ" சேர்த்து "இஷ் லெர்னெ கெராடெ".

கேள்வி: "ரெண்டு வருஷமா ஜெர்மன் படிக்கிறேன்" என்பதற்கு "இஷ் ஹாபெ ஸைட் ட்ஸ்வை யாரென் டாய்ச் கெலெர்ன்ட்" என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ஏன்? — வாசகர், ஓசூர்

உங்கள் தமிழ் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. "படிக்கிறேன்" என்று நிகழ்காலத்தில்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆரம்பித்தது அப்போது, இன்னும் முடியவில்லை என்றால் தமிழும் நிகழ்காலம், ஜெர்மனும் நிகழ்காலம்: "இஷ் லெர்னெ ஸைட் ட்ஸ்வை யாரென் டாய்ச்". "ஹேவ் பீன்" போடச் சொல்லிக்கொடுத்தது இங்கிலீஷ்.

படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. "ரெண்டு வருஷம் படிச்சேன்" என்பது "இஷ் ஹாபெ ட்ஸ்வை யாரெ டாய்ச் கெலெர்ன்ட்". இங்கே "ஸைட்" வராது. "வருஷமா" என்று வாயில் வந்தால் "ஸைட்" போட்டு ப்ரேஸென்ஸ், வெறும் "வருஷம்" என்று வந்தால் "ஸைட்" இல்லாமல் பெர்ஃபெக்ட். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி" என்றால் "ஃபோர் ட்ஸ்வை யாரென்", அதற்கும் பெர்ஃபெக்ட்தான்.

"நேற்று" இருந்தால் பெர்ஃபெக்ட் வரலாமா என்றும் பலர் தயங்குகிறார்கள். இங்கிலீஷ் பிரசென்ட் பெர்ஃபெக்டோடு "யெஸ்டர்டே" சேராது என்ற விதி ஜெர்மனுக்குக் கிடையாது. "இஷ் ஹாபெ கெஸ்டர்ன் கெலெர்ன்ட்" முழுக்கச் சரி.

கேள்வி: பெர்ஃபெக்டில் எப்போது "ஹாபென்" (இங்கிலீஷ் "ஹேவ்"), எப்போது "ஸைன்" (இருப்பது)? "கெ" எங்கே வரும், எங்கே வராது? இரண்டும் போட்டுக் குழப்புகின்றன. — வாசகி, பாலக்கோடு

முதல் பாதிக்குத் தமிழ் உதவாது. நமக்கு "வந்திருக்கிறேன்", "சாப்பிட்டிருக்கிறேன்" எல்லாவற்றுக்கும் ஒரே "இரு"தான். அதனால்தான் "இஷ் ஹாபெ கெகாங்கென்" என்ற தப்பு இவ்வளவு சகஜமாக வருகிறது.

"ஸைன்" எடுப்பவை குறைவு, அவற்றைத் தெரிந்துகொண்டு மீதிக்கெல்லாம் "ஹாபென்" போடுவதே லாபம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகருகிற வினைகள் முதல் வகை: கேயென் (போவது), கொமென் (வருவது), ஃபாரென் (வண்டியில் போவது), ஃப்ளீகென் (பறப்பது). ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது இரண்டாம் வகை: அவுஃப்ஷ்டேயென் (எழுந்திருப்பது), ஐன்ஷ்லாஃபென் (தூங்கிப்போவது), ஷ்டெர்பென் (இறப்பது), வெர்டென் (ஆவது). இவற்றோடு எந்த வகையிலும் சேராத மூன்று: ஸைன், ப்ளைபென் (தங்குவது), பாஸீரென் (நேர்வது). "வாஸ் இஸ்ட் பாஸீர்ட்?" என்றால் "என்ன ஆச்சு?".

இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, செயப்படுபொருள். "பஸ்ஸில் ஓசூர் போனேன்" என்றால் "இஷ் பின் மிட் டேம் புஸ் நாஹ் ஓசூர் கெஃபாரென்". ஆனால் "காரை நானே ஓட்டினேன்" என்று "ஐ" உருபு வந்துவிட்டால் "இஷ் ஹாபெ டாஸ் அவுடோ ஸெல்ப்ஸ்ட் கெஃபாரென்". இன்னொன்று, தொடங்குவது. நிலை மாற்றம்தானே என்று "ஸைன்" போடத் தோன்றும். "வகுப்பு ஆரம்பிச்சிடுச்சு" என்பது "டேர் கூர்ஸ் ஹாட் ஆன்கெஃபாங்கென்", "ஹாபென்"தான்.

"கெ" விஷயத்தில் புத்தகங்கள் மூன்று நான்கு விதிகளாகப் பிரித்துக் கொடுக்கின்றன. காதை நம்பினால் பெரும்பாலும் ஒரே விதி போதும்: வினையின் முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் "கெ" உண்டு, விழாவிட்டால் இல்லை.

"லெர்னென்" என்று சொல்லிப் பாருங்கள். அழுத்தம் "லெர்" மேல். ஆகவே "கெலெர்ன்ட்". "ஃபெர்ஷ்டேயென்" (புரிவது) என்பதில் அழுத்தம் "ஷ்டே" மேல், ஆகவே "கெ" இல்லாமல் "ஃபெர்ஷ்டாண்டென்". "பெஸூகென்" (போய்ப் பார்ப்பது) "பெஸூக்ட்" ஆகிறது. "ஷ்டுடீரென்", "டெலெஃபோனீரென்" போல "ஈரென்" என்று முடிபவற்றில் அழுத்தம் பின்னால் போய்விடுவதால் "ஷ்டுடீர்ட்", "டெலெஃபோனீர்ட்". "அவுஃப்ஷ்டேயென்" போன்ற பிரியும் வினையில் அழுத்தம் முன்னொட்டான "அவுஃப்" மேலேயே விழுகிறது. அதனால் "கெ" உண்டு, ஆனால் நடுவில் போய் உட்காரும்: "அவுஃப்கெஷ்டாண்டென்". "ஆன்கொமென்" (வந்து சேருவது) அதேபோல "ஆன்கெகொமென்". பக்கத்திலேயே "பெகொமென்" (கிடைப்பது) இருக்கிறது. அதற்கு அழுத்தம் "கொ" மேல், "கெ" இல்லை, மூல வடிவமும் "பெகொமென்", முற்றுப்பெற்ற வடிவமும் "பெகொமென்".

ஆகவே புதுச் சொல்லை எழுத்தில் பார்த்து மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஆடியோவைக் கேட்டு அழுத்தத்தோடு சொல்லுங்கள். நோட்டில் எழுதும்போது "கொமென், காம், இஸ்ட் கெகொமென்" என்று மூன்று வடிவமாக, "இஸ்ட்" அல்லது "ஹாட்" சேர்த்தே எழுதுங்கள். தனி "கெகொமென்" எழுதி வைத்தால் துணைவினை பரீட்சை நேரத்தில் நினைவுக்கு வராது.

கேள்வி: "வைல்" வந்தால் வினை கடைசிக்குப் போகும் என்கிறார்கள். பேசும்போது அதை யோசிப்பதற்குள் வாக்கியமே மறந்துபோகிறது. சுலப வழி உண்டா? — கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

உண்டு. இந்த இடத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் கிடைக்கிற சௌகரியம் இங்கிலீஷ்காரர்களுக்குக் கிடையாது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்கும் அதே சௌகரியம் உண்டு, இந்த மொழிகளிலும் வினை கடைசியில்தானே வருகிறது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "ஏனென்றால் நான் நேற்று ஓசூரில் வேலை செய்திருக்கிறேன்." ஜெர்மனில்: "வைல் இஷ் கெஸ்டர்ன் இன் ஓசூர் கெஆர்பைடெட் ஹாபெ." வைல் – ஏனென்றால், இஷ் – நான், கெஸ்டர்ன் – நேற்று, இன் ஓசூர் – ஓசூரில், கெஆர்பைடெட் – வேலை செய்து, ஹாபெ – இருக்கிறேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. "நான் நாளைக்குப் பெங்களூருக்குப் போக வேண்டும்" என்பதும் அப்படியே: "வைல் இஷ் மோர்கென் நாஹ் பெங்களூர் ஃபாரென் முஸ்". போக – ஃபாரென், வேண்டும் – முஸ். "டாஸ்" (என்று), "வென்" (ஆல்), "ஓப்" (ஆ என்று) எது வந்தாலும் இதே வரிசைதான்.

அப்படியானால் கஷ்டம் எங்கே? சாதாரண வாக்கியத்தில். அங்கேதான் தமிழ்க்காரர் "இஷ் மோர்கென் நாஹ் பெங்களூர் ஃபாரெ" என்று வினையைக் கடைசியில் விட்டுவிடுகிறார். தமிழ் வரிசையில் வாக்கியத்தை அடுக்குங்கள். கடைசியில் நிற்கிற, ஆளுக்கேற்ப மாறுகிற சொல்லை மட்டும் தூக்கி இரண்டாம் இடத்தில் வையுங்கள். மீதி எதையும் தொடாதீர்கள். "இஷ் கெஸ்டர்ன் இன் ஓசூர் கெஆர்பைடெட் ஹாபெ" என்பதில் "ஹாபெ"யைத் தூக்கினால் "இஷ் ஹாபெ கெஸ்டர்ன் இன் ஓசூர் கெஆர்பைடெட்". பிரியும் வினையில் பின்பாதி மட்டும் நகரும், முன்னொட்டு கடைசியிலேயே நிற்கும்: "இஷ் ஷ்டேயெ உம் ஃப்யூன்ஃப் ஊர் அவுஃப்".

இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் இல்லை, இரண்டாவது கூறு. "நாளை" என்று தொடங்கினால் "மோர்கென் ஃபாரெ இஷ்", "மோர்கென் இஷ் ஃபாரெ" அல்ல. "வைல்" வாக்கியமே முன்னால் வந்தால் அது மொத்தமும் ஒரு கூறு, அதனால் காற்புள்ளி முடிந்ததும் வினை: "வைல் இஷ் க்ராங்க் பின், கொமெ இஷ் நிஷ்ட்" (உடம்பு சரியில்லாததால் நான் வரவில்லை). உன்ட், ஆபர், ஓடர், டென், ஸொன்டெர்ன் என்ற ஐந்தும் கணக்கில் சேராது. அவற்றுக்குப் பின் எப்போதும்போல ஆள், வினை.

கேள்வி: பேசும்போது ப்ரேடெரிடும் தேவையே இல்லை என்கிறாரே எங்கள் ஆசிரியர்? — வாசகி, அரூர்

பெரும்பாலும் சரி. ஆனால் "ஸைன்", "ஹாபென்", மற்றும் முடியும், வேண்டும் வகைத் துணைவினைகளுக்குப் பேச்சிலும் ப்ரேடெரிடும்தான் இயல்பு: இஷ் வார், இஷ் ஹட்டெ, இஷ் கொன்டெ, இஷ் முஸ்டெ, இஷ் வோல்டெ. "இஷ் பின் க்ராங்க் கெவேஸென்" தப்பில்லை, "இஷ் வார் க்ராங்க்" என்று சொன்னால் வாய்க்குச் சுலபம். செய்தி, கதை, அறிக்கை படிக்க மற்றவற்றின் ப்ரேடெரிடும் அடையாளம் தெரிய வேண்டும். "கிங்" என்றால் "கேயென்", "காம்" என்றால் "கொமென்" என்று பார்த்ததும் பிடிபட்டால் பி1க்குப் போதும்.

கேள்வி: எதிர்காலத்துக்கே ப்ரேஸென்ஸ் வரும் என்றால் "வெர்டென்" போட்ட ஃபுடூர் எதற்கு? — வாசகர், ஊத்தங்கரை

முக்கியமாக ஊகிப்பதற்கு, வாக்குக் கொடுப்பதற்கு. "அவர் இப்போ வீட்டில் இருப்பார்" என்கிறோம். எதிர்கால விகுதி போட்டு, இந்த நேரத்தைப் பற்றிய ஊகத்தைச் சொல்கிறோம். "எர் விர்ட் யெட்ஸ்ட் ட்ஸு ஹவுஸெ ஸைன்" என்பது அதே காரியத்தை அதே முறையில் செய்கிறது. பலர் பயப்படுகிற ஃபுடூர் இரண்டும் நம் "வந்திருப்பார்"தான்: "எர் விர்ட் ஷோன் ஆன்கெகொமென் ஸைன்". "ஆன்கெகொமென்" – வந்து, "ஸைன்" – இரு, "விர்ட்" – ப்பார்.

ஒரு பொறி உண்டு. தமிழில் வழக்கத்தைச் சொல்லவும் இதே வடிவம் வரும்: "தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன்", "சின்ன வயசில் ஆத்துக்குப் போவோம்". இவற்றுக்கு "வெர்டென்" போடவே கூடாது. முதலாவது ப்ரேஸென்ஸ், இரண்டாவது இறந்தகாலம், முன்னால் "ஃப்ரூயர்" (முன்பெல்லாம்) என்ற சொல்லோடு.

கேள்வி: "ஆல்ஸ்", "வென்", "ஓப்" மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. — வாசகி, பென்னாகரம்

தமிழில் மூன்றும் தனித்தனி. நடந்து முடிந்த ஒரே ஒரு நிகழ்வு அல்லது ஒரே ஒரு காலகட்டம், "இருந்தபோது", "வந்தபோது" என்றால் "ஆல்ஸ்": "ஆல்ஸ் இஷ் க்ளைன் வார்", நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது. "வரும்போதெல்லாம்", "வந்தால்" என்றால் "வென்". "வருவாரா என்று தெரியவில்லை" என்பதில் உள்ள "ஆ" தான் "ஓப்". இங்கிலீஷில் இதற்கும் "இஃப்" வருவதால் "வென்" எழுதிவிடுகிறார்கள். கேள்வி உள்ளே ஒளிந்திருந்தால் "ஓப்".

கேள்வி: எந்த வினைக்கு டாடிஃப் (நான்காம் வேற்றுமை போன்றது), எந்த வினைக்கு அக்குஸாடிஃப் (இரண்டாம் வேற்றுமை போன்றது) என்று பட்டியல் போட்டுப் படித்தும் நிற்கவில்லை. — வாசகர், காவேரிப்பட்டணம்

பட்டியலின் பக்கத்தில் தமிழ் உருபை எழுதிப் பாருங்கள். "கு" வருகிற இடம் பலவற்றில் டாடிஃப்: எனக்குக் குளிருது, "மிர் இஸ்ட் கால்ட்". எனக்குப் பிடிச்சிருக்கு, "டாஸ் கெஃபெல்ட் மிர்". எனக்குத் தலை வலிக்குது, "மிர் டூட் டேர் கோப்ஃப் வே". உனக்கு உதவுவது (ஹெல்ஃபென்), உனக்குப் பதில் சொல்வது (ஆன்ட்வோர்டென்), உனக்கு நன்றி சொல்வது (டாங்கென்), எனக்குச் சொந்தமாவது (கெஹோரென்) எல்லாமே டாடிஃப்.

ஒத்துப்போகாதவற்றை மட்டும் தனியே மனப்பாடம் செய்யுங்கள். "உன்னை நம்புகிறேன்" என்பதில் நமக்கு "ஐ", ஜெர்மனில் டாடிஃப்: "இஷ் க்ளவ்பெ டிர்". "பின்தொடர்வது" (ஃபோல்கென்) அப்படியே. "ஆசிரியரிடம் கேள்" என்கிறோம், ஆனால் "ஃப்ராகென்" அக்குஸாடிஃப் எடுக்கும். எனக்குப் பசிக்குது – "இஷ் ஹாபெ ஹுங்கர்", எனக்குத் தெரியும் – "இஷ் வைஸ்". இரண்டிலும் "நான்"தான் வரும்.

கேள்வி: பி1 எழுத்துத் தேர்வில் காலத்தால் மதிப்பெண் போகாமல் இருக்க என்ன செய்யலாம்? — வாசகி, பர்கூர்

கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் பி1 தேர்வில் எழுதும் பகுதிக்கு 60 நிமிடம். சுமார் 80 சொற்களில் நண்பருக்கு மின்னஞ்சல், சுமார் 80 சொற்களில் ஒரு கருத்து, சுமார் 40 சொற்களில் மரியாதையான ஒரு கடிதம் என மூன்று வேலை. ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 60 வேண்டும். நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம் என்பதால் ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதிக்கொள்ளலாம். கோத்தே இன்ஸ்டிட்யூட் சென்னையிலும் இருக்கிறது, பெங்களூரிலும் இருக்கிறது. உங்களுக்குப் பெங்களூர் பக்கம்.

கடைசி ஐந்து நிமிடத்தை வினைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வினையின் கீழும் பென்சிலால் கோடு போட்டு அதன் இடம், ஆள் விகுதி, "ஹாபென்" அல்லது "ஸைன்" என்ற மூன்றை மட்டும் பாருங்கள். "அவர் டாக்டர்" என்று தமிழில் வினையே இல்லாமல் முடிக்கிற பழக்கத்தால் "இஸ்ட்" விட்டுப்போயிருக்கும். கோடு போட இடமில்லாத வாக்கியம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: மருத்துவமனைக் குறிப்புகளில் "வுர்டெ", "வோர்டென்" என்று வருகிறது. "வெர்டென்" எதிர்காலம் இல்லையா? — நர்ஸ், தருமபுரி

"வெர்டென்" மூன்று வேலை பார்க்கும். பின்னால் மூல வினை வந்தால் எதிர்காலம் அல்லது ஊகம். பெயரோ பெயரடையோ வந்தால் "ஆவது". "கெலெர்ன்ட்", "ஷ்டுடீர்ட்" போன்ற முற்றுப்பெற்ற வடிவம் வந்தால் செயப்பாட்டுவினை, நம் "படு". "டேர் ஃபெர்பான்ட் வுர்டெ உம் ட்ஸேன் ஊர் கெவெக்ஸெல்ட்", பத்து மணிக்குக் கட்டு மாற்றப்பட்டது. யார் செய்தார் என்பதை விட என்ன செய்யப்பட்டது என்பது முக்கியம் என்பதால் குறிப்பேடு முழுக்க இந்த வடிவமாக இருக்கும். பெர்ஃபெக்டில் "டேர் பாட்ஸியென்ட் இஸ்ட் ஓபெரீர்ட் வோர்டென்". இங்கே "கெவோர்டென்" என்று எழுதினால் தப்பு. "ஆனார்" என்ற பொருளுக்கு மட்டும்தான் அது.

செயலுக்கும் நிலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். "டீ ட்யூர் விர்ட் கெஷ்லொஸென்" என்றால் கதவைச் சாத்துகிறார்கள். "டீ ட்யூர் இஸ்ட் கெஷ்லொஸென்" என்றால் கதவு சாத்தியிருக்கிறது.

கேள்வி: பி2 பாடங்களில் பெயருக்கு முன்னால் ஒரு வரி நீளத்துக்கு அடைமொழி வருகிறது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. — இன்ஜினியர், ஓசூர்

"டாஸ் கெஸ்டர்ன் இன் ஓசூர் கெகவுஃப்டெ ஹெண்டி இஸ்ட் கபுட்." இதை அப்படியே தமிழில் படியுங்கள்: நேற்று ஓசூரில் வாங்கிய ஃபோன் ரிப்பேர். நம் பெயரெச்சம்தான் அது. இங்கிலீஷில் "விச்" போட்டுப் பின்னால் தள்ள வேண்டியதை இரண்டு மொழியும் முன்னாலேயே சொல்லிவிடுகின்றன.

படிக்கும் முறை: "டேர், டீ, டாஸ்" வந்த உடனே பெயரோ சாதாரண அடைமொழியோ வராமல், நேரச்சொல்லோ "இன், ஃபொன்" போன்ற முன்னிடைச்சொல்லோ வந்தால் நிறுத்துங்கள். அந்த "டாஸ்" எந்தப் பெயருக்கு உரியது என்று முன்னே போய்த் தேடுங்கள். பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்குவதால் தேடுவது சுலபம், ஆனால் இடையில் வருகிற பெயரில் ஏமாறாதீர்கள். உரிய பெயருக்கு ஒட்டி முன்னால் வினையிலிருந்து பிறந்த சொல் நிற்க வேண்டும். "டீ ஃபொன் டேர் எர்ட்ஸ்டின் ஃபெர்ஷ்ரீபெனென் மெடிகாமென்டெ": இங்கே "எர்ட்ஸ்டின்" (டாக்டரம்மா) இடையில் வந்தது, "டீ" உரியது கடைசிப் பெயருக்கு. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மருந்துகள்.

காலமும் தமிழ் போலவே பிரிகிறது. "டாஸ் வைனென்டெ கிண்ட்" அழுகிற குழந்தை, "டாஸ் கெகோக்டெ ஐ" வேகவைத்த முட்டை, "டீ ட்ஸு நேமென்டென் டப்லெட்டென்" எடுத்துக்கொள்ள வேண்டிய மாத்திரைகள். ஒன்றே ஒன்று தமிழில் இல்லாதது: இந்தச் சொற்கள் அடைமொழியாக நிற்பதால் பெயரின் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப "எ", "என்", "எர்" விகுதி எடுக்கும். படிக்கும்போது அதைக் கவனிக்காவிட்டாலும் பொருள் கிடைத்துவிடும். எழுதும்போது கடைசியில் ஒருமுறை பெயரிலிருந்து பின்னோக்கி வந்து சரிபாருங்கள்.